வாடகைக்காரர் காலி செய்ய மறுத்தால்

கேள்வி: கீழக்கரையில் உள்ள எங்கள் வீட்டை 2016ஆம் ஆண்டில் வாய்ப்பேச்சாகவே வாடகைக்கு விட்டோம். ஐந்து மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். துபாயில் இருக்கும் நான் அடுத்த ஆண்டு குடும்பத்துடன் ஊர் திரும்புகிறேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பூட்டை மாற்றிவிடலாம் என்கிறார் மச்சான். செய்யலாமா?

பதில்: கூடாது. நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊரில், காவிரிக் குடிநீர் வரும் நேரம் பார்த்துத் தொட்டியை நிரப்பிக்கொள்ளும் குடும்பத்தின் மோட்டாரை நிறுத்தினால், வாடகை பாக்கி வைத்தவர் புகார்தாரராகவும், நீங்கள் அத்தியாவசிய வசதியைத் துண்டித்தவராகவும் ஆகிவிடுவீர்கள். காவல் நிலையத்துக்குப் போவதாலும் பயனில்லை. இது உரிமையியல் (சிவில்) விவகாரம். ஜமாஅத்தில் பேசிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் ஒப்புக்கொண்ட காலி செய்யும் தேதியை எழுத்தில் கையெழுத்துடன் வாங்குங்கள்.

கீழக்கரை நகராட்சி என்பதால், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, நில உரிமையாளர், வாடகைதாரரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாடு சட்டமே உங்களுக்குப் பொருந்தும். (வீடு பக்கத்தில் பெரியபட்டினம் போன்ற கிராம ஊராட்சியில் இருந்தால் வழி வேறு: 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 106ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு.)

வாடகை பாக்கி ஒன்றையே காரணமாக நம்பி இறங்காதீர்கள். இரண்டு மாத பாக்கி இருந்தாலே காலி செய்யக் கோரலாம் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கோரிக்கை நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். ஆகவே இந்தச் சட்டம் கேட்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஏற்படாமல் போனதையும், வீடு உங்கள் சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்படுவதையும் நோட்டீஸில் காரணங்களாகச் சேர்த்தே எழுதுங்கள். அந்த ஒப்பந்தம் செய்துகொள்ள அவரை இப்போதே எழுத்தில் அழைத்து, அதன் நகலையும் வைத்திருங்கள்.

நோட்டீஸை வழக்கறிஞர் வழியாக, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்புடன் உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அதுவும் சார்வு செய்யப்பட்டதாகவே (அவரிடம் சேர்ந்ததாகவே) கருதப்படும். அதன்பின் அவர் வாடகை அனுப்பினால், வழக்குக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்வதாக எழுத்தில் தெரிவித்துவிட்டே வாங்குங்கள். மனுவை வாடகை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீங்களே வர இயலாவிட்டால் துபாயின் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட பவர் பத்திரத்தை மச்சானுக்கு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும்.

அட்வான்ஸில் கழிப்பதைக் காலி செய்யும் நாளில்தான் பேச வேண்டும். சாவி கைக்கு வந்ததும் மின் மீட்டர் அளவைக் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு, பாக்கி போக மீதியை ஒரு மாதத்துக்குள் வங்கி வழியாகத் திருப்பிக் கொடுங்கள்.