பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்கு எந்த மூடி நல்லது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருப்பதாகவும், உரமூட்டை, புல்வெட்டும் இயந்திரம், அறுவடை நாளில் செம்பனைக் குலை (எண்ணெய்ப்பனைப் பழக்குலை) எல்லாம் ஏற்றுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குலை என்றதுமே பாதி முடிவு வந்துவிட்டது. அது தொட்டி விளிம்புக்கு மேலே குவியும். எனவே நிலையாகப் பொருத்தும் மேற்கூடு உங்களுக்கு ஆகாது.

அலுமினிய ஷட்டர் எடுப்பாக இருக்கும், பூட்டும் உறுதி. ஆனால் அது சுருண்டு அடங்கும் பெட்டி கேபினை ஒட்டி இடத்தைத் தின்றுவிடும். தொட்டியின் நீளமே சுமார் 5 அடிதான். தோட்டத்துச் செம்மண் அதன் தடத்தில் அடைத்துக்கொண்டால் இழுப்பதற்கு மல்லுக்கட்ட வேண்டும். வினைல் துணி மூடி மலிவு, கத்தி வைத்திருக்கும் திருடனுக்கும் வசதி.

என் தேர்வு, மூன்றாக மடியும் கெட்டி மூடி. குலை ஏற்றும் நாளில் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம்.

மழையை முழுதாகத் தடுக்கும் மூடி எதுவும் இல்லை, விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும். வாங்குமுன் குழாயால் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பின்கதவின் மேல்விளிம்பில்தான் பெரும்பாலும் கசியும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு, ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். மூட்டைகளைப் பலகைமேல் அடுக்குங்கள். துளையிடாமல் கவ்வியால் பிடிக்கும் மூடியையே கேளுங்கள். துளையிட்ட இடத்தில்தான் துரு முதலில் தொடங்கும். தொட்டிமேல் அலங்காரக் கம்பி இருந்தால், அதோடு மூடி பொருந்துமா என்று முன்பணம் கட்டுமுன் வைத்துப் பாருங்கள்.