தொண்டைக்குள் இருக்கும் பல்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துத் தொட்டி இந்தக் கோடையில் வற்றியதும், அடிச்சேற்றில் இரண்டு மீன் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதில் கோயியும் தங்க மீனும் விட்டிருந்தோம். நிறம், செதில், மீசை எதுவும் மிச்சமில்லை. எது எது என்று வெறும் எலும்பை வைத்துச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் அந்தச் சேற்றைக் கொட்டிவிடாதீர்கள், முதலில் சலித்துப் பாருங்கள், நீங்கள் தேட வேண்டிய எலும்பு சின்னது.

கோயி வேறொன்றுமில்லை, மேட்டூர் அணையிலிருந்து சேலத்துக் கடைகளுக்கு வருகிற சாதா கெண்டையின் வண்ண வகைதான். தங்க மீன் அதற்கு நெருங்கிய உறவு. முதுகுத் துடுப்பின் முள் இரண்டுக்குமே ரம்பம் போல இருக்கும், அதனால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. பல்லைத்தான் பார்க்க வேண்டும். கெண்டைக் குடும்பத்துக்கு வாயில் பல்லே கிடையாது, எல்லாம் தொண்டையில், கடைசிச் செவுளுக்குப் பின்னால், பிறை போல வளைந்த ஒரு ஜோடி எலும்பின் மேல் இருக்கும், மண்டையோட்டின் அடியில் உள்ள கெட்டியான திண்டில் அழுத்தித்தான் இரையை அரைக்கும். சாதா கெண்டைக்கு ஒவ்வொரு பக்கமும் மூன்று வரிசை, அவற்றில் முறையே 3, 1, 1 பல். நம் கடைவாய்ப் பல் மாதிரி தட்டையாக இருக்கும். தங்க மீனுக்கு ஒரே வரிசை, ஒடுங்கிய 4 பல். இவை விழுந்து முளைப்பவை, அதனால் காலிக் குழிகளையும் சேர்த்து எண்ணுங்கள்.

முதுகெலும்புக் கண்ணிகளை எண்ணலாமே என்று தோன்றும். கெண்டைக்கு அதிகம், தங்க மீனுக்குக் குறைவு, சரிதான். ஆனால் முன்னால் உள்ள நான்கு கண்ணிகள் காற்றுப்பையின் அதிர்வைக் காதுக்குக் கடத்துவதற்காக உருமாறியவை, பழக்கமில்லாதவர் அங்கேயே எண்ணிக்கையைத் தவறவிடுவார். உருண்டை உடம்பு வகைத் தங்க மீன் என்றால் முதுகெலும்பே குறுகியிருக்கும். நான் பல்லைத்தான் நம்புவேன்.

இன்னொன்று, இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் கலப்புக் குஞ்சு பிறக்கும், அதன் பல்வரிசை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மூன்றும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் இரண்டு வரிசை தெரிந்தால் உடனே எழுதுங்கள்.

அப்புறம், கை பழக ஒரு சாதா கெண்டைத் தலையை வாங்கி, கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டு, செவுளோடு அந்தப் பிறை எலும்பை மெதுவாக இழுத்தெடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து வையுங்கள். தொட்டியில் கிடைத்ததை அதன் பக்கத்தில் வைத்து, மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஒரு ரூபாய் நாணயமும் படத்தில் இருக்கட்டும்.