வேண்டிய ஆகாரமா, அனுதின உணவா?

அன்புள்ள ஐயா,

நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பரமண்டல ஜெபத்தில் பிறந்த வீட்டில் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை' என்போம். புகுந்த வீட்டில் 'எங்கள் அனுதின உணவை' என்கிறார்கள். இப்போது ஒரு போதகர் காணொளியில், "மூல கிரேக்கத்தில் அது சாப்பாடே அல்ல, பரலோக அப்பம்; சோற்றுக்காக அந்த ஜெபத்தைச் சொல்பவன் வேதம் அறியாதவன்" என்கிறார். எது சரி?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள சகோதரி,

பிறந்த வீடும் புகுந்த வீடும் இதில் சண்டையிட வேண்டியதில்லை. சிரியாக் மொழியின் பழைய வேதாகம மொழிபெயர்ப்பான பெஷித்தா 'எங்கள் தேவைக்கான அப்பம்' என்கிறது, பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு 'அன்றாட அப்பம்' என்கிறது. இரண்டுக்கும் வயது ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

சிக்கல், மூலத்தில் 'அப்பம்' என்பதற்கு அடைமொழியாக நிற்கும் கிரேக்கச் சொல்லில்தான்: எபியூசியோஸ். மத்தேயு 6:11, லூக்கா 11:3, பிறகு இதே ஜெபத்தை எடுத்தெழுதும் 'திதாகே' என்ற பழைய திருச்சபை நூல். இவற்றையும் இவற்றைப் பற்றி எழுதியவர்களையும் விட்டால், கிரேக்கத்தில் வேறெங்கும் அது இல்லை. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற திருச்சபை அறிஞர் இதைக் கண்டு திகைத்திருக்கிறார். அறிஞர்கள் எழுதியதிலும் இல்லை, சாதாரண மக்கள் பேச்சிலும் இல்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல் போலிருக்கிறது என்கிறார். கிரேக்கத்திலேயே எழுதி வாழ்ந்தவருக்குப் பிடிபடாதது, காணொளிப் போதகருக்குப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது!

ஒரே ஒருமுறை விடை கிடைத்ததுபோல் இருந்தது. எகிப்தின் ஹவாராவில் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளில் ஒன்று, கொண்டைக்கடலை போன்ற சாமான்களைக் குறித்த செலவுக் கணக்கு. அதில் 'எபியூசி' என்று பாதிச் சொல் இருப்பதாக 1889-இல் சேய்ஸ் என்ற அறிஞர் வெளியிட்டார். உடனே 'அன்றாடப் படி' என்று அதற்குப் பொருள் சொன்னார்கள், அகராதியிலும் ஏற்றினார்கள். சரிபார்க்கலாம் என்றால் ஏட்டையே காணவில்லை. 1998-இல் அது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. மறுபடி வாசித்தவர்கள் கண்டது 'எலையூ', அதாவது எண்ணெய். பல பத்தாண்டு ஆராய்ச்சிக்கு ஆதாரமாக நின்றது ஒரு எண்ணெய்க் கணக்கு.

போதகர் சொல்வதற்கும் ஒரு வேர் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சொல்லை 'எபி' என்ற முன்னொட்டு, 'ஊசியா' (சாரம்) என்று பிரித்து, ஆன்மாவின் சாரத்துக்கேற்ற அப்பம் என்று ஓரிகனே விளக்கினார். 4-ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஜெரோம் லத்தீன் சுவிசேஷங்களைத் திருத்தியபோது மத்தேயுவில் 'சாரத்துக்கு மேலான' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். அதே கிரேக்கச் சொல்லுக்கு லூக்காவில் 'அன்றாட' என்பதையே விட்டுவைத்தார். திருப்பலியில் நிலைத்தது அந்த 'அன்றாட'தான். உங்கள் மாமியார் சொல்வது அந்த வழியில் வந்தது.

என் சாய்வு வேறு பக்கம். 'எபி' அடுத்து உயிரெழுத்து வந்தால் அதன் இகரம் பெரும்பாலும் விழுந்துவிடும். ஊசியாவோடு சேர்ந்திருந்தால் 'எபூசியோஸ்' என்றல்லவா வந்திருக்க வேண்டும்? மாறாக, 'எபியூசா' என்றால் அடுத்த நாள். அப்போஸ்தலர் 16:11-இல் பவுல் மறுநாள் நெயாப்போலிக்குப் போனதைச் சொல்லும் சொல் அதுதான். வேதாகமத்தில் சேராத எபிரேயர் சுவிசேஷம் என்ற பழைய நூலில் இந்த இடத்தில் 'மாஹார்', நாளைக்குரியது, என்று கண்டதாக ஜெரோமே குறித்திருக்கிறார். சாயங்காலம் கூலி வாங்கிப்போகும் திராட்சைத் தோட்டத்து ஆட்களை மத்தேயு 20-இல் பார்க்கிறோம். இன்று வாங்கிய கூலியில்தான் நாளை அடுப்பெரியும். 'நாளைய அப்பத்தை இன்று தாரும்' என்பது அப்படிப்பட்டவர்களுடைய கோரிக்கை. அதே 6-ஆம் அதிகாரம் 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்கிறதே என்று கேட்பார்கள். கேட்டு வாங்கி வைத்துக்கொண்டவனுக்குக் கவலை எதற்கு?

இது என் தீர்மானமே தவிர, முடிந்த வழக்கல்ல. ஆனால் சாப்பாடே இல்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. லூக்காவில் ஜெபம் முடிந்த கையோடு இயேசு ஒரு கதை சொல்கிறார். வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டான், முன்னால் வைக்க ஒன்றுமில்லை. நடுராத்திரியில் சிநேகிதன் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான் ஒருவன். 3-ஆம் வசனத்திலும் 5-ஆம் வசனத்திலும் அப்பத்துக்கு 'ஆர்ட்டோஸ்' என்ற ஒரே சொல்தான். அந்த விருந்தாளி பசியோடு வந்தவன் இல்லையா என்று போதகரைக் கேளுங்கள்.