பெட்ரோல் முள் தடுமாறினால் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: எனது பெட்ரோல் காருக்கு ஆறு வயது, வாரண்டி முடிந்துவிட்டது. டேங்கை நிரப்பியதும் முள் சரியாகக் காட்டுகிறது. பாதிக்கு வந்ததும் திடீரென்று காலி என்று விழுந்து, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் ஏறிக்கொள்கிறது. ஃப்யூல் பம்ப்பை முழுதாகவும் மீட்டர் போர்டையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அளந்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒரே சமயத்தில் பழுதாவது அரிது.

டேங்கினுள் இருக்கும் மிதவை பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும்போது, அதன் கம்பியோடு இணைந்த சிறு தொடுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகர்கிறது. அந்தத் தடையின் ஓம் அளவைக் கொண்டே முள் நகர்கிறது. ஆண்டுக்கணக்கில் உரசி, பட்டையில் ஓரிடம் தேய்ந்தோ கறுத்தோ போனால், மிதவை அந்த இடத்தைக் கடக்கையில் மட்டும் தொடர்பு அறுந்து முள் விழும். உங்கள் காரில் எப்போதும் பாதி அளவில்தான் கோளாறு வருகிறது என்பதால், மிதவையும் பட்டையும் சேர்ந்த இந்த எரிபொருள் அளவு சென்சாரின் மீதே என் சந்தேகம். எந்த அளவிலும், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முள் துள்ளுமானால் கனெக்டரையோ எர்த் வயரையோ பார்க்க வேண்டும். மீட்டர் போர்டில் மற்ற அளவுகளும் சேர்ந்து தடுமாறினால்தான் அதைச் சந்தேகிக்க இடமுண்டு.

காரின் கணினி பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0460 முதல் பி0463 வரையிலான பிழைக் குறியீடுகளில் ஒன்று வந்தாலும், கோளாறு எரிபொருள் அளவு சென்சாரின் சுற்றில் இருப்பதை மட்டுமே அது சொல்லும், பாகத்தைச் சுட்டிக்காட்டாது. அதற்கு மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். பல கார்களில் பின் இருக்கைக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்தால் கனெக்டர் தெரியும். சென்சாரை வெளியே எடுத்து, மிதவையைக் கையால் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தும்போது ஓம் அளவு சீராக மாறினால் சென்சார் நல்லது. நடுவில் எண் தாவினாலோ தொடர்பே அற்றுப்போனாலோ சென்சார்தான் பழுது. பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மெக்கானிக் செய்யும்போது அருகில் நின்று பாருங்கள்.

அளந்த எண்களை ஜாப் கார்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். பம்ப் நன்றாக ஓடுகிறதென்றால், சென்சார் மட்டும் தனிப் பாகமாகக் கிடைக்குமா என்று உங்கள் மாடலைச் சொல்லி உதிரிபாகக் கடையிலும் விசாரியுங்கள். சில மாடல்களுக்குக் கிடைக்கும், சிலவற்றில் பம்ப்போடு சேர்த்துத்தான் வாங்க முடியும். கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செய்த சேவைக்குப் பில் தராமல் இருப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பாகத்தை மாற்றியும் கோளாறு தீராமல், அவர்கள் பொறுப்பேற்கவும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவதானால் இரண்டு ஆண்டுகளுக்குள் நாட வேண்டும்.

சரிசெய்யும் வரை முள்ளை நம்பாமல், டேங்கை நிரப்பியதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓடிய தூரத்தைக் கொண்டு மீதமுள்ள பெட்ரோலைக் கணக்கிடுங்கள். பம்ப்பைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான் என்பதால், கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.