மூன்று அறைக்கு ஒரே சென்சார் போதுமா?

பல்லடம் பக்கம் பிராய்லர் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குஞ்சு விட மூன்று அறை கட்டி, எலெக்ட்ரிக் ஹீட்டருக்கும் எக்சாஸ்ட் ஃபேனுக்கும் சேர்த்து ஒரே தானியங்கி கன்ட்ரோலர் போட்டேன். டிஸ்ப்ளேயில் 33 டிகிரி அசையாமல் நிற்கிறது. ஆனால் விடியற்காலையில் கடைசி அறையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கின்றன, நடு அறையில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. எட்டு சேனல் கன்ட்ரோலர் பெட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் டீலர். வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள். சென்சார் எந்த அறையில் தொங்குகிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். கன்ட்ரோலருக்கு அந்த ஒரு இடம்தான் தெரியும். கடைசி அறைக்கு வெளிச்சுவர் அதிகம், காற்றும் அந்தப் பக்கமே அடிக்கும்; நடு அறைக்கு இரண்டு பக்கமும் சூடான அறைகள். சென்சார் முதல் அறையில் இருந்து, அங்கே 33 வந்ததும் மூன்று ஹீட்டரும் சேர்ந்து நின்றால் கடைசி அறை குளிரத்தான் செய்யும்.

இந்த சேனல் கணக்கில்தான் ஏமாறுகிறோம். எட்டு சேனல் என்றால் எட்டு அறை என்று நினைத்துக்கொள்கிறோம், பெரும்பாலும் அது எட்டு ரிலே, அதாவது எட்டு சுவிட்ச், எட்டும் ஒரே சென்சார் சொல்வதைத்தான் கேட்கும். "நாலு சென்சார் தருகிறோம்" என்றாலும் நம்பிவிடாதீர்கள், பல பெட்டிகள் எல்லாவற்றையும் கூட்டி சராசரி எடுக்கின்றன. ஓர் அறை 36, ஒன்று 33, ஒன்று 30 என்றால் சராசரி 33, டிஸ்ப்ளேயில் எல்லாம் சரி, அறைக்குள் குஞ்சு சாகும். பணம் கொடுப்பதற்கு முன் டீலரை வைத்துக்கொண்டே சோதியுங்கள்: ஹீட்டர்கள் ஓடும்போது இரண்டாவது அறை சென்சாரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். அந்த அறை ஹீட்டர் மட்டும் நிற்க வேண்டும். மூன்றும் நின்றாலோ எதுவுமே நிற்காவிட்டாலோ பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வை-ஃபை, மொபைல் ஆப் எல்லாம் இதற்கு அப்புறம் பேசலாம்.

தடுப்பு கூரை வரை போகாமல் இடுப்பளவு படுதாவாக இருந்தால் மட்டும் ஒரு சென்சார் போதும், ஏனென்றால் அது மூன்று அறை அல்ல, காற்று கலக்கிற ஒரே அறை. ஆனால் கவனியுங்கள், அப்போதும் எல்லாப் பக்கமும் ஒரே வயதுக் குஞ்சாக இருக்க வேண்டும். முதல் வாரக் குஞ்சுக்கு வேண்டிய சூடு மூன்றாவது வாரக் குஞ்சுக்கு ஆகாது, அதற்கு 24, 25 டிகிரியே போதும். படுதாவை மேலே கட்டி மூடிவிட்டாலும் இந்தக் கணக்கு செல்லாது. குளிர்காலத்தில் முக்கால்வாசிப் பேர் மூடிவிடுகிறார்கள், அந்த நிமிடமே அது மூன்று அறையாகிவிடுகிறது.

சென்சாரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள், ஹீட்டருக்கு நேர் கீழே வேண்டாம். சூடு மேலே போகும், ஆள் உயரத்தில் மாட்டினால் தரையில் இருக்கும் குளிர் அதற்குத் தெரியாது. ஹீட்டர் 33-இல் நின்றால் ஃபேன் 34.5-இல் தொடங்கட்டும், இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் ஒன்று சூடாக்க, இன்னொன்று அதை வெளியே தள்ள, கரண்ட் பில்தான் ஏறும்.

ஃபேனை வெப்பநிலையை மட்டும் நம்பி விடாதீர்கள். ராத்திரி குளிரில் 34.5 வரவே வராது, ஃபேன் விடியும்வரை ஓடாது, எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு தேங்கிக் கண் எரியும். ஒவ்வொரு 5 நிமிடத்திலும் 30 நொடியாவது ஓடும்படி டைமரும் சேர்த்து வையுங்கள்; குஞ்சு வளர வளர நேரத்தைக் கூட்டுங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதனால் ரிலேயில் நேராகக் கொடுக்காமல் நடுவில் கான்டாக்டர், அதாவது அதிக கரண்டைத் தாங்கும் சுவிட்ச், போடச் சொல்லுங்கள்.

எனக்குப் பொறுக்கவே முடியாதது ஒன்று உண்டு. விற்றவர் மாட்டிவிட்டுப் போன பிறகு ஒரு தரம்கூட எட்டிப் பார்ப்பதில்லை, குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கம்பெனி செத்த குஞ்சை வளர்ப்பவர் கணக்கில் எழுதுகிறது, எந்த சென்சார் எந்த அறைக்கு என்று ஒரு வரைபடம் கேட்டால் கொடுக்க ஆளில்லை. அந்த வரைபடம் இல்லாமல் பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள்.

இன்று ராத்திரி மூன்று அறையிலும் தரையை ஒட்டி ஒரு சாதாரண தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, 4 மணிக்கு எழுந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு டீலரைக் கூப்பிடுங்கள்.