ஹாலுக்குள் ஓடினால் அது ஓட்டம் இல்லையா, அக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது, கரூர் பக்கம் ஒரு சின்ன ஊர். இரண்டாவது குழந்தைக்கு இரண்டரை வயது ஆகிறது, என் எடை 79 கிலோவிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. சர்க்கரை பார்டரில் இருக்கிறது, உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் துணிந்து விடியற்காலை தெருவில் ஓடிப் பார்த்தேன். முதல் நாள் பால்காரர், "என்னம்மா, பஸ்ஸை விட்டுட்டியா?" என்றார். மறுநாள் டீக்கடை வாசலில் நின்ற பையன்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் நான் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே ஓடலாம் என்றால் ஹால் 14க்கு 10 அடி, கீழ் வீட்டில் ஓனர் அம்மா இருக்கிறார், என் கணவரோ "நின்ன இடத்துல குதிக்கிறதெல்லாம் ஓட்டமா?" என்கிறார். பயந்து ஒளிந்துகொள்கிறேனோ என்று எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம்)

பதில்: யாரும் பார்க்காமல் வைத்தால் குழம்பு கொதிக்காதா, என்ன? ஒளிவதாவது ஒன்றாவது. கதவைச் சாத்திக்கொண்டு ஓடுங்கள்.

அந்தக் கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2000-இல் வெளிவந்தது. மாணவர்களுக்குப் போட்டுக்கொள்ளவே வெட்கமாக இருக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஆட்கள் உட்கார்ந்திருந்த ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். இதைச் சொல்லி "யாரும் உங்களைப் பார்ப்பதே இல்லை, தைரியமாக வெளியே போங்கள்" என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அது முன்பின் தெரியாதவர்கள் இருந்த அறை. நம் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரியும், உங்கள் பால்காரர் நிஜமாகவே பார்த்தார், பையன்கள் நிஜமாகவே சிரித்தார்கள். அதனால் உங்கள் கூச்சம் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். பால்காரர் பேச்சில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது, நம் ஊரில் ஒரு பெண் ஓடினால் பஸ்ஸுக்கோ ரேஷன் கடைக்கோதான் என்று பழகிவிட்டார்கள்.

நான் 43 வயதில் தொடங்கினேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தம் கேட்காமல் இருக்க டிவியைப் போட்டுவிட்டு, குக்கரில் பருப்பு வைத்த கையோடு ஆரம்பித்தேன். மூன்று விசில் வரை ஓடுவது என்று கணக்கு. முதல் விசிலுக்கே வாய் உலர்ந்து சோபாவில் விழுந்தேன். உடம்பில் தெம்பு இல்லை என்று நினைத்தேன், விஷயம் அதில்லை, நான் ஏதோ போட்டிக்கு ஓடுவதுபோல முட்டியை இடுப்பு வரை தூக்கித் தூக்கிக் குதித்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் செய்கிற தப்பு இது.

ஜப்பானில் ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தில் ஹிரோவாகி தனாகா என்று ஒரு பேராசிரியர் இருந்தார், மெல்லோட்டம் என்று நாம் சொல்லக்கூடிய ஒன்றைப் பரப்பியவர். அவர் வைத்த வேகத்தின் பெயரே 'நிக்கோ நிக்கோ', புன்னகை என்று அர்த்தம். சிரித்த முகத்தோடு ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம், முகம் கோணினால் அதிகம். நடப்பவர் உங்களை முந்திப் போனாலும் பரவாயில்லை, ஆனால் அடி சின்னதாகவும் அடிக்கடியும் விழவேண்டும், நிமிடத்துக்கு 180 என்பது அவர் கணக்கு. கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு 45 அடி விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வராது. 150 வந்தாலே போதும், மெல்ல ஏறும். பாதம் தரையிலிருந்து இரண்டு விரல்கடை எழுந்தால் போதும், முதலில் முன்பாதம் தொட்டு அப்புறம் குதிகால் லேசாகப் படட்டும். குதிகாலால் இடித்தீர்கள் என்றால் முட்டிக்கும் கெடுதல், ஓனர் அம்மாவும் படியேறி வந்துவிடுவார். அவரிடம் முன்கூட்டியே போய், "காலையில ஆறரைக்கு ஒரு இருபது நிமிஷம் ஓடுவேன், சத்தம் வந்தா சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுச் செய்கிற சத்தத்துக்கு யாரும் அவ்வளவாகக் கோபப்படுவதில்லை.

14க்கு 10 தாராளமான இடம். டீப்பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு எட்டு போடுங்கள், நடைப் பயிற்சிக்குப் போடுவார்களே, அதே எட்டுதான். ஒரே பக்கமாக வட்டமடித்தால் தலை சுற்றும், உள்பக்கக் காலுக்கே பாரம் விழும், எட்டில் இரண்டு பக்கமும் திரும்பிவிடுகிறீர்கள். தூரத்தை எண்ணவே எண்ணாதீர்கள். சுவரில் மோதாமல் ஹாலின் நீளத்தில் 12 அடிதான் ஓட முடியும், ஒரு கிலோமீட்டர் ஆக 270 தடவைக்கு மேல் போகவேண்டும், அதை எண்ணிக்கொண்டிருந்தால் மூன்றாம் நாளே வெறுத்துவிடும். நிமிடத்தைப் பாருங்கள். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மொத்தம் பத்தே நிமிடம், வாரத்துக்கு நாலு நாள். அடுத்த வாரம் ஓட்டம் ஒன்றரை. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் இரண்டு மாதத்தில் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் ஓட வரலாம், வராவிட்டாலும் குடி மூழ்கிவிடாது. ஓடிக்கொண்டே குழந்தையிடம் "பல்லைத் தேய்ச்சியா, பாலைக் குடிச்சியா" என்று முழு வாக்கியமாகக் கேட்க முடியவேண்டும். மூச்சு முட்டி வார்த்தை வார்த்தையாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடம் கடுமையான உழைப்பு. பத்து நிமிடமாவது சேர்ந்தாற்போல் செய்யவேண்டும் என்ற பழைய விதியும் இப்போது இல்லை, காலையில் எட்டு, சாயங்காலம் ஏழு என்று பிரித்துக்கொண்டாலும் கணக்கில் வரும். இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் இது பெரிய சலுகை. தொடைச் சதையும் கெண்டைச் சதையும் வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அவையே இழுத்துக்கொள்ளும், டாக்டர் அசையச் சொன்னதும் அதற்குத்தான். ஏற்கெனவே மாத்திரை போடுகிறவராக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் உடுப்பு. வீட்டுக்குள்தானே என்று நைட்டியோடு ஓடாதீர்கள், திரும்பும்போது காலில் மாட்டும். பழைய சுடிதார் பேன்ட்டும் தொளதொள டி-ஷர்ட்டும் போதும், ஆனால் உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம், அதில் காசு பார்க்காதீர்கள். சாக்ஸோடு ஓடவே கூடாது, நான் தரை துடைத்த ஈரம் காய்வதற்குள் சாக்ஸோடு திரும்பி, சோபா கைப்பிடியில் மணிக்கட்டை இடித்து, மூன்று வாரம் சப்பாத்தி தேய்க்க முடியாமல் இருந்தேன். டைல்ஸ் தரையில் வெறுங்காலும் வேண்டாம், முன்கால் எலும்பு வலி வந்துவிடும். வீட்டுக்குள் ஷூவா என்று பதறுவீர்கள், தெரியும். தெருவையே மிதிக்காத புது ஷூ ஒன்று இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள், செருப்பு ஸ்டாண்டில் விடாமல் பீரோவுக்கு மேல் வையுங்கள். என் வீட்டில் அப்படித்தான் பிரச்சினை தீர்ந்தது. ஃபேனைப் போடுங்கள், வெளியே ஓடும்போது முகத்தில் அடிக்கிற காற்று உள்ளே கிடையாது, வியர்வை காயாமல் சீக்கிரம் களைத்துப்போவீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டு பிரசவம் ஆனவர், குதிக்கும்போது இரண்டு சொட்டுச் சிறுநீர் கசிந்தால் திடுக்கிட்டு நிறுத்திவிடாதீர்கள், பொத்தியும் வைக்காதீர்கள். இடுப்படித் தசை தளர்ந்திருப்பதால் வருவது, நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி விடும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம், அது தேறும்வரை ஓட்டத்துக்குப் பதில் வேக நடை. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் என்றால் மட்டும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. 2020 மார்ச்சில் பிரான்ஸில் ஊரடங்கு போட்டபோது, துலூஸ் நகரத்துப் பக்கம் ஒருவர் தன் வீட்டு பால்கனியிலேயே முழு மாரத்தான் ஓடினார். பால்கனியின் நீளம் 7 மீட்டர். 42 கிலோமீட்டரை அதில் முன்னும் பின்னுமாக ஓடி முடிக்க 6 மணி 48 நிமிடம் ஆயிற்று. அது ஓட்டமா இல்லையா என்று அவரிடமே கேளுங்கள்.

என்றைக்காவது வெளியே போகவேண்டுமா? போகவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. எனக்கு ஒரு வருடம் கழித்து ஹால் அலுத்துப்போனதால் மைதானத்துக்குப் போனேன், தைரியம் வந்து போகவில்லை. இப்போதும் மழை நாளில் டீப்பாயைத் தள்ளுகிறேன்.

கேள்வி: எனக்கு 41 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தொப்பை குலுங்க ரோட்டில் ஓட வெட்கம். ஆண்கள் இப்படிச் சொல்லலாமா? டிரெட்மில் வாங்கலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், இந்தப் பகுதிக்கு ஆண்களிடமிருந்தும் இதே கேள்வி வருகிறது, என்ன, அவர்கள் 'என் நண்பர் ஒருவருக்கு' என்று ஆரம்பிப்பார்கள். டிரெட்மில்லை உடனே வாங்காதீர்கள். இரண்டு மாதம் ஹாலில் ஓடிப் பாருங்கள், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அது துணி காயப்போடும் கொடியாகிவிடும். வாங்கினால் மோட்டார் எத்தனை ஹெச்பி என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள், பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் 'பீக்' அளவு, கொஞ்ச நேரம் மட்டும் எட்டும் உச்சம், விடாமல் ஓடும்போது தரும் 'கன்டினியூவஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் பாருங்கள். பழசாகவே நிறைய விற்பனைக்கு வருகின்றன, ஏன் வருகின்றன என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: 61 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். மகள் வீடியோவைப் பார்த்து என்னையும் குதிக்கச் சொல்கிறாள்.

பதில்: குதிக்காதீர்கள். நடங்கள். சுவர் ஓரமாகப் பிடிமானம் இருக்கும் இடத்தில் நடப்பது, கை வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து பத்துத் தடவை எழுவது, இந்த இரண்டும் போதும். தொடை பலமானால் முட்டிக்குத் தாங்கல் கிடைக்கும். மகளைக் குதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் எண்ணுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் தடதடவென்று ஓடினால் லட்சுமி தங்கமாட்டாள் என்கிறார் என் மாமியார். என்ன பதில் சொல்வது?

பதில்: பதிலே சொல்லாதீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் ஓடாதீர்கள், வெள்ளிக்கிழமை மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். என் மாமியாரும் இதையேதான் சொன்னார். மூன்றாவது வாரம் ஒருநாள் நான் அசதியாகப் படுத்திருந்தபோது வந்து, "ஏன், இன்னிக்கு ஓடலையா?" என்றார்.