மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த சேலை

அன்புள்ள ஐயா,

லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் 2003இல் ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர் அமைத்த செயற்கைச் சூரியனைச் சிற்பம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அனல்மின் நிலையத்தில் டர்பைன் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடத்தில் விளக்கு மாட்டுவது எலெக்ட்ரீஷியன் வேலை. செதுக்காமல், வார்க்காமல் அது எப்படிச் சிற்பமாகும்?

ஒரு வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கூடமும் டர்பைன் கூடம்தான். பேங்க்சைடு மின் நிலையம் 1981இல் மூடப்பட்டு, 2000இல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது. இயந்திரங்களைக் கழற்றிய பிறகு மிஞ்சும் வெற்றிடம் எத்தனை பெரியது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

எலியாசன் மாட்டியது அரைவட்டம் மட்டுமே. சுமார் 200 விளக்குகள். மறுபாதி, கூரையில் பதித்த கண்ணாடிப் பரப்பில் தெரிந்த பிம்பம். கூடத்தின் உயரமும் இரட்டித்துத் தெரிந்தது. ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் எறும்பளவு தெரிந்த தங்களைத் தேடிக் கையாட்டினார்கள். கல்லைத் தொடாமல் உயரத்தைக் கூட்டியவரைச் சிற்பி என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. சர்க்கரையும் நீரும் கலந்து மூட்டம் வேறு போட்டார்கள். ஆலைப் புகை சூழ்ந்த நம் எண்ணூர், மணலிப் பக்கம் அந்தச் செலவு மிச்சம்.

அவை ஒற்றை அலைநீள மஞ்சள் விளக்குகள். அந்த வெளிச்சத்தில் மஞ்சளும் கறுப்பும் தவிர வேறு நிறம் தேறாது. எல்இடி வருவதற்கு முன் நம் தெருக்களில் எரிந்த சோடியம் விளக்குகளுக்கு அவை உறவு. நம்முடையதில் பிற நிறங்களும் கொஞ்சம் கலந்திருக்கும். ஒரு தீபாவளிக்கு முன் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு நடைபாதைக் கடையில் என் அம்மா காப்பிப்பொடி நிறத்தில் ஒரு சேலை எடுத்தார். விடிந்து பார்த்தால் கரும்பச்சை. மாற்றித் தரச் சொல்லிப் போனபோது, "நேற்றும் இதே நிறம்தானம்மா" என்றார் கடைக்காரர். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. அதன்பின் அம்மா எந்தத் துணியையும் வெயிலுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் எடுத்ததில்லை. அவருக்கு அந்த இரவில் தற்செயலாக நடந்ததை எலியாசன் திட்டமிட்டு நடத்தினார்.

சொல்லைப் பற்றிய உங்கள் மனக்குறை நியாயம்தான். இப்படி ஓர் இடத்தையே மாற்றி அமைக்கும் கலைக்கு நிர்மாணக் கலை என்றொரு சொல் இருக்கிறது. எனக்கு அதில் சிமெண்ட் வாசனை அடிக்கிறது.

உங்கள் டர்பைன் கூடத்தில் எந்த ஷிப்டில், எந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் விழும்? எழுதுங்கள்.